துட்டு முன்னால, விரல் பின்னால

மிசின் அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். வலது கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பி, வெயில் பக்கமாகக் காட்டி, கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் "நல்லாருக்கியளா" என்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டாள். "இந்த விரலு இன்னைக்கி எடுக்காது. போயி நல்லாக் கழுவிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள்.

நம் ஊரில் கை சுத்தமாக இருக்கிறவர்கள் குறைவு. ஆண்களுக்கு வாழைக்கறை. தார் வெட்டுகிறவன் கையில் ஏறிய கறை அவனோடு சேர்ந்துதான் போகும். பெண்களுக்குப் பீடி. இலையை மடக்கி மடக்கி, விரல் நுனியில் இருக்கிற ரேகையெல்லாம் தேய்ந்து, கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிடும். அக்காவின் மிசினுக்கோ ரேகை வேண்டும். விரல் வைத்தால் நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் அவள் கணக்குக்குப் போகும், அவள் அதை ரொக்கமாக நம் கையில் எண்ணித் தருவாள். ரேகை தெரியாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு கீச்சுச் சத்தம் வரும், பணம் வராது. வங்கியில் உங்கள் பணம் இருக்கும். நீங்களும் இருப்பீர்கள். ஆனால் நீங்கள்தான் நீங்கள் என்று மிசின் ஒத்துக்கொள்ளாது.

அதற்காக அவள் தன் பையில் எலுமிச்சம்பழ மூடி, இருமல் மருந்து பாட்டிலில் மண்ணெண்ணெய், ஒரு துண்டுத் துணி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் எல்லாம் வைத்திருப்பாள். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து ஆள் ஆளாகக் கையைப் பிடித்துத் தேய்ப்பாள். பெரியவளே, உனக்கு அப்போது ஏழு வயது. அந்த எலுமிச்சம்பழ மூடியை நக்கிப் பார்த்து, மண்ணெண்ணெய் நாற்றத்தில் வாந்தி எடுத்தாய். "ஏட்டி, ஒனக்கு இன்னும் கணக்கே தொறக்கல, அதுக்குள்ள மூடியத் திங்கியா" என்று உன் முதுகைத் தடவிவிட்டவள் அவள்தான்.

போன வாரம் தகரப்பெட்டியைத் துடைக்கும்போது ஒரு தாளை எடுத்து என்னிடம் கேட்டாய். ஒரு பக்கம் நீ சின்னப் பிள்ளையில் வரைந்த மயில். மறுபக்கம் அச்சடித்த கட்டங்கள். "இது என்னப்பா?" என்றாய். "பழைய தாள்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. நான் பத்தாம் வகுப்பு படித்து ஒரு பாடத்தில் தவறியவன். எழுத்து மட்டும் அழகாக இருக்கும் என்பார்கள். அந்த எழுத்தால் நான் செய்த காரியத்தை அதே எழுத்தில் உங்களுக்குச் சொல்கிறேன். சின்னவனும் கேட்கட்டும். அவனுக்கும் இதில் பங்கு உண்டு.

அக்கா நம் ஊர்க்காரி இல்லை. ஆற்றோடு கிழக்கே ரெண்டு ஊர் தள்ளி. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், வேலை கிடைக்கவில்லை. புருஷன் உப்பளத்துக்குப் போய்வந்தார். அவள் சொந்தக் கதை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் அதைப் பேசமாட்டாள். ஆனால் ஊரில் யாருக்கு எந்த விரல் என்று அவளுக்குத் தெரியும். டீக்கடை அண்ணாச்சிக்கு வலது சுண்டுவிரல். உங்கள் அம்மாவுக்கு இடது பெருவிரல். ஆட்களை அவள் அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தாள். ஒரு தடவை சாவு வீட்டுக்கு வந்தவள், "பாவம், ரெண்டு மோதிர விரலும் நல்லா எடுக்கும் அவங்களுக்கு" என்று சொல்லி அழுதாள். பக்கத்தில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஒரு குணம். யாரையும் 'இல்லை' என்று சொல்லி அனுப்ப வராது. மற்ற எல்லாம் அந்த ஒரு குணத்திலிருந்து வந்ததுதான்.

அவள் வருவதற்கு முன்னால் நாம் பணம் எடுக்க டவுனுக்குப் பஸ் ஏறிப் போகவேண்டும். ஒரு நாள் கூலி போகும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் தலையைத் தூக்காமலே "நாளைக்கு வா" என்பார். உங்கள் அம்மா ஐந்நூறு ரூபாய் எடுக்க மூன்று நாள் போயிருக்கிறாள். அந்த நிலைமையில்தான் ஒரு நாள் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டு, வாடகைக்கு நாற்காலி எடுத்து ஒரு விழா நடந்தது. ஒரு வங்கி, ஒரு அறக்கட்டளை, மிசின் செய்கிற ஒரு கம்பெனி, மூன்றும் கூட்டாகச் சேர்ந்து ஏழைகளுக்கு வங்கியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிற திட்டம் என்றார்கள். மூன்று இடத்திலிருந்தும் வந்தவர்கள் ஒருவர் கைமேல் ஒருவர் கைவைத்து நின்றார்கள். படம் எடுத்தார்கள். "நாங்கள் மூவரும் ஒரே குடும்பம்" என்று ஒருவர் மைக்கில் பேசினார். அக்கா ஓரமாகச் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் படத்தில் இல்லை. மறுவாரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு போர்டு வந்தது. மூன்று முத்திரை, நடுவில் சேர்ந்த மூன்று கை. அக்காவுக்கும் அதே மூன்று முத்திரை போட்ட நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள்.

சம்பளம் கிடையாது. எடுத்துக் கொடுக்கிற பணத்துக்கு ஏற்றமாதிரி சில்லறையாகக் கமிஷன்.

"மிசினம்மா, இம்புட்டு வெயில்ல கெடந்து கையத் தேய்க்கியளே, ஒரு நாளைக்கி என்னதான் தேறும்?" என்று டீக்கடை அண்ணாச்சி கேட்பார்.

"டீக்கி ஆகும் அண்ணாச்சி. வடைக்கி ஆகாது."

"அப்பம் வடைய நான் எழுதிக்கிடுதேன்."

"வேண்டாம். எழுதினா கடன் ஆயிரும்" என்பாள்.

இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள்.

பேச்சியம்மாள் பெரியம்மையைத் தெரியும் அல்லவா, பீடிக்கடைத் தெரு. அவளுக்குப் பத்து விரலும் போய்விட்டது. முதியோர் பணம் வந்து கிடக்கிறது, எடுக்க வழியில்லை. ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம்வரை அக்கா அவள் கையோடு மல்லுக்கட்டினாள். எண்ணெய் போட்டாள், துடைத்தாள், ஒவ்வொரு விரலாக வைத்து அழுத்தினாள். கீச்சு, கீச்சு என்று மிசின் கத்தியது.

"ஏட்டி மிசினு, போதும் விடு. என் கையே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது" என்றாள் பெரியம்மை.

"வரும் பெரியம்மை. பைய வரும். மிசின் கிறுக்குப் பிடிச்ச கோட்டிக்கார மிசின். நாளைக்கி ஈரப்பதத்துக்கு எடுத்துரும்."

"நாளைக்கி வரைக்கும் என் வயிறு கேக்காதுல்லா."

அக்கா தன் பர்ஸைத் திறந்தாள். ஐந்நூறு ரூபாயை எடுத்துப் பெரியம்மை கையில் வைத்தாள். "இத இப்பம் கொண்டு போங்க. விரல நாளைக்கி வச்சிக்கிடுவோம். துட்டு முன்னால, விரல் பின்னால, அம்புட்டுத்தான்" என்றாள்.

நான் பக்கத்தில் நின்றேன். "யக்கா, ஒரு நோட்டுல எழுதி கைநாட்டு வாங்கிக்கிடுங்க. பொறவு பிரச்சினையாயிரும்" என்றேன்.

"தம்பி, எழுதினா கடன் ஆயிரும். கடன் வாங்கின மாதிரி அந்த அம்மை என் முன்னால தலையக் குனிஞ்சிட்டு நிக்கணுமா? இது அவங்க துட்டு. நான் முன்கூட்டி எடுத்துக் குடுக்கேன், மிசின் பிந்திக் குடுக்கு. இதுல எழுத என்ன இருக்கு?"

மறுநாள் பெரியம்மையின் இடது நடுவிரலை மிசின் எடுத்துக்கொண்டது. அக்கா தன் ஐந்நூறை எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. டவர் இல்லையா, சர்வர் இல்லையா, விரல் எடுக்கவில்லையா, அக்கா கையிலிருந்து கொடுப்பாள். மிசின் சரியானதும் நாம் போய் விரல் வைத்துவிட்டு வருவோம். அப்போது பணம் தரமாட்டாள். முன்னாலேயே தந்தாயிற்று. ஊரில் ஒருத்தர்கூட அவளை ஏமாற்றவில்லை. அதையும் சொல்லவேண்டும். குடிக்கிறவன்கூட விரல் வைக்க மட்டும் தவறாமல் வந்தான்.

அது சட்டப்படி தப்பு. விரல் வைத்த நிமிஷமே பணம் கையில் கொடுத்து, ரசீதும் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. அவளுக்கு அது தெரியும். கோட்டுப் பையில் அந்த விதி அச்சடித்த அட்டையை மடித்து வைத்திருந்தாள். எலுமிச்சம்பழச் சாறு பட்டுப் பாதி எழுத்து போயிருந்தது.

பிறகு அந்த மார்கழி வெள்ளம் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்து மாடியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்து இறங்கியபோது வாழை முழுக்கப் படுத்துக் கிடந்தது. வீட்டில் அரிசி முளைத்துவிட்டது. கரண்டு இல்லை, டவர் இல்லை. பொட்டலச் சோறு வந்தது, ரொட்டி வந்தது. துட்டு மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. எல்லாருக்கும் கணக்கில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது எங்கேயோ மேலே இருந்தது. சின்னவனே, உனக்கு அப்போது காய்ச்சல். உடம்பு கொதித்தது, கண் செருகியது. வண்டிக்காரர் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போகவேண்டும், டீசலுக்காவது கொடுங்கள் என்றார். என் சட்டைப் பையில் நாற்பது ரூபாய் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். ரோடு அறுந்து கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால்வரை சகதியோடு நடந்தே வந்தாள். அவள் வீட்டிலேயே ஒரு சுவர் விழுந்திருந்தது. மிசின் பாலிதீன் கவருக்குள் செத்துக் கிடந்தது. இன்னொரு கவரில் ரூபாய் நோட்டுகள்.

அன்றைக்கு மட்டும் அவள் யார் கையையும் பார்க்கவில்லை. சின்னவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "தம்பி, நிக்காத. இந்தா ஆயிரம். பிள்ளையத் தூக்கிட்டுப் போ" என்றாள்.

"யக்கா, விரலு..."

"ஏலே, விரல் எங்க போயிரும்? ஒங் கையிலதான இருக்கு. போ."

வண்டியில் ஏறும்போது உங்கள் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "யக்கா, கம்மல எங்க?"

"தண்ணிக்குள்ள நடக்கையில விழுந்துரும்லா. கழத்தி வச்சிருக்கேன்."

அதை நாங்கள் நம்பினோம். அவள் வீடு வீடாகப் போய், நாற்பத்தோரு குடும்பத்துக்குக் கொடுத்தாள். யார் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அதற்குள் எவ்வளவு கொடுக்கமுடியுமோ அவ்வளவு.

டவர் வர ரெண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வந்த அன்று காலையில் பஸ் நிறுத்தத்தில் நாற்பத்தோரு பேரும் வரிசையாக நின்று விரல் வைத்தோம். சேற்று வேலையில் எல்லார் விரலும் ஊறிப் போயிருந்தது. அக்கா தேய்த்துக்கொண்டே கத்தினாள். "இன்னைக்கித் துட்டு கெடையாது, விரல் மட்டுந்தான். துட்டு வேணுங்கவங்க நாளைக்கி வாங்க."

"இன்னைக்கிக் குடுத்தாலும் நாங்க வாங்கிக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி.

சிரித்துக்கொண்டே கலைந்தோம். அந்தக் காலையில் அவளுக்குத் தன் பணம் முழுவதும் திரும்பி வந்தது. மறுநாள் கம்மல் காதில் இருந்தது. அடகுக்கடையில் அவளைப் பார்த்ததாக அண்ணாச்சி சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது.

பேச்சியம்மாள் மகன் திருப்பூரில் இருக்கிறான். பெரியம்மை கணக்கில் அவன் செல் நம்பர். ஆயிரத்து ஐந்நூறு எடுக்கப்பட்டது என்று அவனுக்குச் செய்தி போனது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டான். "யம்மா, இன்னைக்கித் துட்டு எடுத்தியா?" என்று கேட்டான். "இன்னைக்கித் துட்டு எங்க குடுத்தா? விரல் மட்டும் வச்சிட்டு வந்தேன்" என்றாள் அவள். அவன் கெட்டவன் இல்லை. அம்மா பணத்தை எவளோ தின்றுவிட்டாள் என்று பயந்து புகார் நம்பருக்கு அடித்தான். அவர்கள் பார்த்தார்கள். ஒரே நாள், ரெண்டு மணி நேரம், நாற்பத்தோரு பேர், ஒரு ரசீதுகூட இல்லை.

விசாரணைக்கு மூன்று இடத்திலிருந்தும் வந்தார்கள். வங்கியிலிருந்து ஒரு வயதானவர், அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா, மிசின் கம்பெனியிலிருந்து ஒரு இளவயதுக்காரர். பஞ்சாயத்து ஆபீஸில் மேசை போட்டார்கள். எழுதத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், நாள் கூலி முந்நூறு, மத்தியானம் பிரியாணி என்றார்கள். தலையாரி என்னைக் கூப்பிட்டார்.

தாளின் மேலே நாங்கள் விரல் வைத்த தேதி, கீழே நான்கு கட்டம். பெயர். தொகை. மேற்கண்ட தேதியில் பணத்தைக் கையில் பெற்றீர்களா. கைநாட்டு. மிசினில் வைத்த விரலை நம்பமுடியாது, மை தொட்டுத் தாளில் உருட்டு என்று ஆகிவிட்டது.

நான் முதல் ரெண்டு தாளில் பெயர் எழுதும்போதே கம்பெனிக்காரர் குனிந்து பார்த்தார். "அருமையான கையெழுத்து. எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன். "இந்த லேடி இனிமே தொடர முடியாது. இங்க புதுசா ஒரு ஆள் போட்டாகணும். உங்களை மாதிரி ஆள்தான் வேணும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் செல்லைப் பார்க்கப் போய்விட்டார். அவர் அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். எனக்கு மறக்கவில்லை. வாழை எல்லாம் போய்விட்டது. எனக்கு வேலை இல்லை. நீலக் கோட்டு போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என்னை நானே பார்த்துவிட்டேன்.

முதலில் வந்தது பேச்சியம்மாள்.

"பாட்டி, இந்தத் தேதியில கையில பணம் வாங்குனீங்களா?" என்று வங்கிக்காரர் கேட்டார்.

"அன்னைக்கி எங்கன குடுத்தா? அன்னைக்கி விரலுல்லா வச்சோம். துட்ட அவ வெள்ளத்துலயே கொண்டாந்து..."

"வெள்ளத்தைக் கேக்கல. அன்னைக்கி வாங்குனீங்களா, இல்லையா?"

"அன்னைக்கி இல்ல. ஆனா..."

"இல்லைன்னு எழுதுங்க."

நான் பேனாவைத் தூக்கினேன். "சார், முன்னாடியே வாங்கிட்டதாச் சொல்லுதாங்க" என்றேன். அதுவரை நான் யோக்கியன்தான்.

"அதுக்குக் கட்டம் இல்ல" என்றார் கம்பெனிக்காரர்.

எழுதினேன். 'இல்லை'.

பெரியம்மை விரலில் மையோடு என் பக்கம் குனிந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "எய்யா, நான் சொன்னத முழுசும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் பெரியம்மை."

பிள்ளைகளே, நான் இந்த வயதுவரை சொன்ன பொய்களில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான்.

அடுத்தடுத்து வந்தார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்தத் தேதியில் அவள் பணம் தரவில்லை, அது உண்மை. அதற்கு முன்னாலேயே தந்துவிட்டாள், அதுவும் உண்மை. முதல் உண்மைக்கு மட்டும் தாளில் கட்டம் போட்டிருந்தார்கள். பத்தாவது ஆளுக்குமேல் அவர்கள் பேசி முடிப்பதற்குள்ளேயே நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு முன்னால் உங்கள் அம்மா வந்தாள். கணக்கு அவள் பெயரில்தானே. கேள்வியைக் கேட்டார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான அன்னைக்கி கையில வாங்குனிய? பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆயிரம் ரூவாய அவங்க குடுத்தாங்கல்லா?"

"அது எந்தத் தேதிம்மா?" என்றார் கம்பெனிக்காரர்.

"வெள்ளத்துல."

"இந்தத் தேதியில?"

நான் 'இல்லை' என்று எழுதித் தாளை அவள் பக்கம் தள்ளினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் ரெண்டு பேருக்கும் பிரித்துப் போட்டாள். அவள் தொடவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டபோது தலைவலி என்றாள்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டார்கள். நீலக் கோட்டோடு வந்து நின்றாள். மூன்று முத்திரையும் வெளுத்துவிட்டது. எதிரே அந்த மூன்று பேர்.

"இவங்க எங்க வங்கி ஊழியர் கிடையாது. அறக்கட்டளை நியமிச்ச ஆள்" என்றார் வங்கிக்காரர்.

"நாங்க பயிற்சி மட்டும்தான் குடுத்தோம். ஒப்பந்தம் கம்பெனியோட" என்றார் அந்த அம்மா.

"மிஷின் எங்களோடது. ஆள் எங்களோடது இல்ல. பணம் வங்கியோடது" என்றார் இளவயதுக்காரர்.

ஒரே குடும்பம் என்று மைக்கில் சொன்ன இடம் அந்த ஆபீஸுக்கு வெளியே பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

"முன்னாடியே குடுத்தேன்னு சொல்றீங்க. ரசீது இருக்கா?" என்று கேட்டார்கள்.

"இல்ல சார்."

"எதுலயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஊர் ஆளுங்க எல்லாருமே வாங்கலைன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே" என்று கம்பெனிக்காரர் தாள்களை அவளிடம் நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெயர்களைவிடக் கைநாட்டுகளைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எல்லாம் அவள் தேய்த்துக் கழுவிய விரல்கள். கடைசித் தாளை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கோபம் ஒன்றும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுத்து அழகா இருக்கு தம்பி" என்றாள்.

கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மிசினை வைத்தாள். பையிலிருந்த எலுமிச்சம்பழ மூடியை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். போய்விட்டாள்.

போலீஸுக்குப் போகாமல் இருக்கவேண்டுமானால் அந்த நாற்பத்தோரு பேர் தொகையையும் கட்டவேண்டும் என்றார்களாம். கட்டிவிட்டாள். எதை விற்றாள் என்று தெரியாது. அவர்கள் நியாயமானவர்கள் அல்லவா, அந்தப் பணத்தை ஒரு பைசா குறையாமல் நம் கணக்குகளில் திரும்பப் போட்டார்கள். ஊரில் பாதிப்பேர் வெள்ள நிவாரணம் என்று நினைத்தார்கள். சர்க்காரை வாழ்த்தினார்கள். எனக்கு அது எந்தப் பணம் என்று தெரியும். பேச்சியம்மாளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிப் போனாள். அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. புருஷனோடு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். திரும்பி வந்து என்னிடம்தான் கேட்டாள், "எய்யா, நீதான எழுதுன, என்னத்தய்யா எழுதுன?" என்று. நான் தோட்டத்தில் சேறு அள்ளப் போகவேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

நம் வீட்டுக்கு வந்த ஆயிரத்தில் உங்கள் ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூட ஷூ வாங்கினேன். சின்னவனே, உன் காய்ச்சலுக்கு ஒரு ஆயிரம், உன் காலுக்கு ஒரு பங்கு. ரெண்டும் அவள் கொடுத்தது.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்கும் கிடைக்கவில்லை. கூட்டுத் திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். வேறு பக்கம் ஒரு ஊரில் பந்தல் போட்டு மறுபடியும் கை சேர்த்துப் படம் எடுத்ததைப் பேப்பரில் பார்த்தேன். நம் ஊர்ப் போர்டை அண்ணாச்சி எடுத்துக் கடைக்குப் பின்னால் விறகுக்கு மேலே மூடிப் போட்டிருக்கிறார். நாம் இப்போது மறுபடியும் டவுனுக்குப் பஸ் ஏறுகிறோம். பெரியம்மை ரெண்டு மாதமாகப் பணம் எடுக்கவில்லை. அங்கே யாரும் அவள் கையைப் பிடித்துத் தேய்ப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் "அடுத்தது" என்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை அக்காவைப் பார்த்தேன். தூத்துக்குடி பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தாள். காது மூளியாக இருந்தது. நான் பின்வாசல் வழியாக இறங்கி, அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

இவ்வளவு வருஷமாக நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லி வந்தேன். கட்டம் சின்னது, அதில் வேறு எதுவும் எழுத இடம் இல்லை, அவர்கள் கொடுத்த தாள் அப்படி என்று. உங்கள் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெரியவளே, நீ மயில் வரைந்த அந்தத் தாள் அன்றைக்கு மிஞ்சியது. நான்தான் உனக்குப் படம் வரையக் கொண்டுவந்தேன். நேற்று அதைத் திருப்பி வைத்து, மூன்றாவது கட்டத்தில் பேச்சியம்மாள் சொன்னதை எழுதிப் பார்த்தேன். 'வெள்ளத்தில் முன்பே கொடுத்துவிட்டார்.' என் வழக்கமான எழுத்தில்தான் எழுதினேன், பொடியாக எழுதவில்லை. எழுதிய பிறகும் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது.